அரைத் துளியின் பாதி

அல்சீதெஸ் பரேத்தோவுக்குச் சிறியவை எல்லாவற்றின் மீதும் சந்தேகம். ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பவை, கைப்பைக்குள் அடங்கிவிடும் நாய்கள், "ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்கும் தொலைபேசி அழைப்புகள், பெரிய தட்டின் நடுவே விரல்நுனி அளவு இறைச்சி வைக்கும் புதுப்பாணி உணவகங்கள். பெரியது எதுவானாலும் வருவது தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். சின்னது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. அதனாலேயோ என்னவோ, வாழ்க்கையில் அவர் தேர்ந்துகொண்ட வாத்தியம் லா தேஹா பேட்டையிலேயே பெரியதாக இருந்தது.

பகலில் அவர் சோபாக்களுக்கு உறை தைப்பவர். கார்னிவல் வந்துவிட்டால் 'கிளம்பாத கப்பல்' பாட்டுக்குழுவின் பெருமுரசுக்காரர். முகத்தில் வெள்ளையும் பச்சையும் பூசிக்கொண்டு, அந்த வருடம் நாட்டில் யார் யார் என்னென்ன அசட்டுத்தனம் செய்தார்களோ அதையெல்லாம் பாட்டாகக் கட்டி மேடையில் பாடுகிற குழு அது. பாட்டைத் தொடங்கி வைப்பது அல்சீதெஸின் வலது கை. முரசுக்கோலைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு கணம் நிறுத்துவார். அந்தக் கணத்தில் மேடைக்கு முன்னால் ஐஸ்கிரீம் தின்னும் குழந்தைகூட நாக்கை நிறுத்திவிடும். கடலுக்கு அடியில் ஒரு பட்டணம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். பிறகு கோல் இறங்கும், கப்பல் கிளம்பும்.

குளிர்காலத்திலிருந்து அந்தக் கை தோள் மட்டத்துக்கு மேல் போக மறுத்தது. மழையில் ஊறிய ஜன்னல் போலப் பாதியில் இறுகி நின்றுவிட்டது.

குழுத்தலைவர் மில்தோன் பொறுத்துப் பார்த்தார். ஜனவரிக் கோடை வந்து கார்னிவல் நெருங்கியதும் பொறுமை தீர்ந்துவிட்டது.

"குண்டா, நேராவே சொல்றேன். மேடையேறதுக்கு முன்னாடி கிளப் முற்றத்துல கடைசி ஒத்திகை. அன்னிக்கு உன் கை மேல போகணும். போகலைன்னா முரசு தெச்சேராவுக்கு."

"எந்தத் தெச்சேரா? ரொட்டி சுடுறானே, அவனா?"

"அவனேதான். கை இரும்பு மாதிரி இருக்கு."

"அவன் முரசை அடிக்க மாட்டான் மில்தோன். பிசைவான்."

"பிசைஞ்சாலும் சத்தம் வருதுப்பா. உன் கையில அதுவும் வரலையே."

களிம்பு, வெந்நீர் ஒத்தடம், ஊசி எல்லாம் ஆகிவிட்டது. கடைசியில் பேட்டை மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டர், "மிகச் சிறிய அளவில் கஞ்சா எண்ணெய் எடுத்துப் பாருங்களேன். போதை ஏறாது, வலி குறையலாம்" என்றார். மிகச் சிறிய அளவு என்ற சொல்லைக் கேட்டதுமே அல்சீதெஸின் புருவம் உயர்ந்தது. பழக்கமில்லாதவர்கள் அதற்கென்றே உள்ள நிறுவனத்தின் வழியாகத்தான் போகவேண்டும் என்றும் டாக்டர் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பால்கனியில் ஷிர்லி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கயிற்றில் உலர்ந்த துணி ஆடியது. ஷிர்லி தன் பால்கனியில் சட்டம் அனுமதித்த கஞ்சாச் செடிகளைப் பதிவு செய்து, பெயர் வைத்து வளர்ப்பவள். கோடையில் அவற்றின் வாசனை கதவைத் தட்டாமலே அல்சீதெஸின் படுக்கையறைக்குள் வந்துவிடும்.

"ஏங்க பக்கத்து வீட்டுக்காரரே, இதுக்கு எதுக்கு ஆபீஸ்? என் பிஸ்கட்ல ஒரு ஓரம் பிட்டுத் தர்றேன். சாப்பிட்டுட்டுப் போய் முரசடிங்க."

"ஒரு ஓரம்னா எவ்வளவு?"

"ஒரு ஓரம்னா ஒரு ஓரம்."

"எந்த ஓரம்? கருகின ஓரமா, மெத்துன்னு இருக்கிற ஓரமா? ரெண்டுலயும் ஒரே அளவு இருக்குமா?"

"அடக் கடவுளே! நீங்க ஆபீஸுக்கே போங்க. உங்களுக்காகத்தான் கட்டி வச்சிருக்காங்க."

துறைமுகத்துக்குப் பக்கத்தில், முன்பு தோல் மூட்டைகள் கிடந்த ஒரு கிடங்கில் இருந்தது தொடக்கநிலையினர் நுண்ணளவு வழிகாட்டு நிறுவனம். மழை பெய்தால் சுவர்களில் இன்னும் மாட்டு வாசனை வரும். வாசலுக்கு மேலே அதன் குறிக்கோளைச் செதுக்கியிருந்தார்கள்: 'கொஞ்சமாக, இன்னும் கொஞ்சமாக.'

காவலாளி அல்சீதெஸை மேலும் கீழும் பார்த்தார்.

"பிளாஸ்க்கையும் குடுக்கையையும் இங்க வச்சிட்டுப் போங்க. உள்ள மாத்தே குடிக்கக் கூடாது."

அல்சீதெஸுக்கு முதலில் புரியவில்லை. சுரைக்குடுக்கையில் இலையைத் திணித்து, இடது கக்கத்துப் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சுகிற, தேநீர் போன்ற கசப்புப் பானம் அது; ஊரே அதைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் திரியும். மாத்தே குடிக்கக் கூடாத இடம் என்று ஒன்று இந்த நாட்டில் இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை. சாவு வீட்டில் குடிப்பார்கள், நீதிமன்றத் தாழ்வாரத்தில் குடிப்பார்கள், பிரசவ அறைக்கு வெளியே குடிப்பார்கள். அவர் தந்தை கடைசியாகக் கேட்டதும் வெந்நீர் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கட்டும் என்பதுதான்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"முடியிற வரைக்கும்."

"எது?"

"அது."

வாசலோரம் நீண்ட மரத்தட்டு. கோயில் வாசலில் விட்ட செருப்புகள் மாதிரி அதில் வரிசையாகப் பிளாஸ்க்குகள் நின்றன. பக்கத்திலேயே சுரைக்குடுக்கைகள், அவற்றில் செருகிய உலோகக் குழல்கள். சில குடுக்கைகளில் இலை காய்ந்து வெளுத்திருந்தது. அவற்றின் சொந்தக்காரர்கள் எப்போது உள்ளே போனார்களோ தெரியவில்லை.

நேர்காணல் அதிகாரியின் பெயர் எபெர். மெலிந்த மனிதர், மீசையும் மெலிந்தது. அவருடைய மேசையில் ஒரு பிளாஸ்க் நின்றது; கையில் ஆவி பறக்கும் குடுக்கை.

"நீங்க மட்டும் குடிக்கிறீங்க?" என்றார் அல்சீதெஸ்.

"தடை ஆய்வுக்கு உட்பட்டவங்களுக்கு. நாங்க ஆய்வு பண்றவங்க." எபெர் குழலை உறிஞ்சினார். "சொல்லுங்க தோன் அல்சீதெஸ்," என்று மரியாதை அடைமொழியோடு தொடங்கினார். "கஞ்சா பழக்கம் உண்டா?"

"இல்ல."

"சின்ன வயசுல?"

"இல்ல."

"லா தேஹாவுல பொறந்து, கார்னிவல் குழுவுல முரசடிச்சு, இத்தனை வருஷமா ஒரு இழுப்பு கூட இல்ல?"

"இல்லைங்க. எனக்கு அதுமேல நம்பிக்கை வரல."

எபெர் குடுக்கையைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க. தொடக்கநிலையினர்னு பொய் சொல்லிக்கிட்டு நிறைய பேர் வர்றாங்க. பழகினவன் வேஷம் போட்டா நாங்க என்ன பண்றது? நீங்க பழகலைங்கிறதுக்கு என்ன சாட்சி?"

"செய்யாத காரியத்துக்கு எப்படிங்க சாட்சி இருக்கும்?"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அதனாலதான் சந்தேகமா இருக்கு."

சாட்சி சொல்ல ஷிர்லி வந்தாள். உதட்டுச்சாயம் பூசி, மாதாகோவிலுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள்.

"இவரு கஞ்சா எடுத்ததே இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நானே கொண்டு போய் நீட்டறேன் சார். மோந்து பாப்பாரு, வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு, நூறு கேள்வி கேப்பாரு, திருப்பிக் குடுத்துருவாரு. இப்படி ஒரு மனுசனை நான் பாத்ததில்ல."

எபெர் நெகிழ்ந்துபோனார். பதிவு பெற்ற வளர்ப்பாளர் ஒருவரின் வாக்குமூலத்துக்கு மேல் எந்த அத்தாட்சியும் இல்லை என்றார். நிறுவனத்தின் வரலாற்றில் இவ்வளவு தூய்மையான தொடக்கநிலையினர் வந்ததில்லை என்று கைகுலுக்கினார். குலுக்கியது வலது கை. அல்சீதெஸுக்குக் கண்ணில் நீர் வந்தது. எபெர் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டார்.

கண்காணிப்பு அறை கிடங்கின் பின்புறத்தில் இருந்தது. சுவரோரம் நாற்காலிகள், அவற்றில் மனிதர்கள். உள்ளே நுழைந்ததும் அல்சீதெஸ் ஒன்றைக் கவனித்தார்: எல்லோருடைய இடது கையும் முழங்கையில் மடங்கி, விலாவோடு ஒட்டி, இல்லாத ஒரு பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டிருந்தது. தன் கையைக் குனிந்து பார்த்தார். அதுவும் அப்படியே.

வெள்ளை அங்கி போட்ட ஒருவர் நாக்கின் அடியில் ஒரு துளி விட்டுப் போனார். லேசான கசப்பு, பச்சை வாசனை.

எபெர் நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். இந்த உரையை அவர் தினமும் நிகழ்த்துவார். தினமும் அவருக்கே அது புதிதாக இருக்கும்.

"நண்பர்களே! அளவு கூடினா ஆபத்து. இது உலகத்துக்கே தெரியும். ஆனா அளவு குறைஞ்சா பாதுகாப்புன்னு கண்டுபிடிச்சது நம்ம நிறுவனம். அளவு குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். அப்போ முழுப் பாதுகாப்பு எங்க இருக்கும்? யோசிங்க! இங்க முன்னேறதுன்னா கீழே போறதுன்னு அர்த்தம். ஒரு துளியில ஆரம்பிப்பீங்க. ஒழுங்கா இருந்தா அரைத் துளி. அப்புறம் அதுல பாதி. அங்க தேறிட்டா மருந்துக்கடையில வாங்கறதுக்கு அனுமதி அட்டை. பொறுமையா இருங்க, மனசுல என்ன தோணுதோ மறைக்காம சொல்லுங்க."

அல்சீதெஸ் பக்கத்து நாற்காலிக்காரியைப் பார்த்தார். நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்த அம்மாள். மடியில் பின்னல் பை. எல்பா டீச்சர். தூக்கம் வராததற்காக வருகிறாராம்.

"ரொம்ப நாளா வர்றீங்களா டீச்சர்?"

"இலையுதிர் காலத்துலேர்ந்து. நான் இப்போ அரைத் துளியில பாதிக்கு வந்துட்டேன்." அதைச் சொன்னபோது அவர் முதுகு நிமிர்ந்தது.

"எப்படி இருக்கு? தூக்கம் வருதா?"

"வாயை மூடுங்க. வர்றாரு."

நேரம் போனது. காலையில் ஒரு குடுக்கை குடித்துவிட்டு வந்த உடம்பு இரண்டாவதைக் கேட்டது. பிறகு மூன்றாவதைக் கேட்டது. மதியம் ஆனபோது அல்சீதெஸின் நெற்றிப்பொட்டில் யாரோ சின்னச் சுத்தியலால் ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். விரல்கள் நடுங்கின. எதிரே இருந்தவர் மூக்கை உறிஞ்சிய சத்தம் தாங்க முடியாததாக இருந்தது. வரிசையின் கடைசியில் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விசும்பினார். எபெர் நாற்காலி நாற்காலியாக வந்தார், ஒரு கையில் எழுதும் அட்டை, மறு கையில் குடுக்கை.

"எப்படி உணர்றீங்க தோன் அல்சீதெஸ்?"

எபெரின் குழல் அடியைத் தொட்டுக் களகளவென்று உறிஞ்சியது. அல்சீதெஸ் அந்தக் குடுக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தலை வெடிக்குது. கை நடுங்குது. உங்க கையில இருக்கறதைப் பிடுங்கிட்டு ஓடணும்போல இருக்கு."

எபெரின் முகம் மலர்ந்தது. "பிறர் பொருள் மீது ஆசை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "இடது கையில விறைப்பு. முதல் நாளே! ஒரு துளிக்கே! உங்களுக்கு அளவு அதிகமாயிடுச்சு. அடுத்த வாரம் அரைத் துளி போதும்."

வெளியே வந்ததும் அல்சீதெஸ் காவலாளியின் பக்கத்திலேயே நின்று, ஆறிப்போன வெந்நீரில் நாலு குடுக்கை குடித்தார். சுத்தியல் நின்றது. தோள் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் அரைத் துளி. தலைவலி முன்பைவிடக் கடுமையாக இருந்தது, ஏனென்றால் அன்று பேருந்து தாமதமாகி, காலைக் குடுக்கையும் கிடைக்கவில்லை. எபெர் திகைத்தார். "அரைத் துளிக்கே இவ்வளவா! உங்க உடம்பு ரொம்ப மென்மையான உடம்பு!"

அல்சீதெஸின் சந்தேகம் மெல்லப் பெருகியது. குறைவாகக் கொடுக்கும்போது அதிகமாக வலிக்கிறதென்றால் ஒன்றுமே கொடுக்காவிட்டால் செத்துவிடுவோமா? அவர் எபெரைச் சந்தேகித்தார். வெள்ளை அங்கிக்காரரைச் சந்தேகித்தார். மூக்கை உறிஞ்சுகிறவர் நிறுவனத்தின் ஒற்றராக இருப்பாரோ என்று நினைத்தார். கடைசியில் டீச்சரின் காதருகே குனிந்தார்.

"டீச்சர், அடுத்த தடவை கேட்டா எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு சொல்லிடப் போறேன்."

டீச்சர் அவர் தொடையில் கிள்ளினார். பள்ளிக்கூடக் காலத்துக் கிள்ளு.

"பைத்தியமா உங்களுக்கு? உங்களுக்கு முன்னாடி அந்த நாற்காலியில ஒரு டாக்ஸிக்காரன் இருந்தான். ஒண்ணும் தெரியலைன்னு உண்மையைச் சொல்லிட்டான். ஒரு துளி விட்டும் ஒண்ணும் தெரியலைன்னா ஏற்கெனவே பழகின உடம்புதானே, எங்களை ஏமாத்தப் பாக்கறியான்னு வெளிய தள்ளிட்டாங்க."

"அப்போ நிறைய தெரியுதுன்னு சொன்னா?"

"அளவைக் குறைப்பாங்க."

"சரியா இருக்குன்னு சொன்னா?"

"சரியா இருக்கறது எப்படி இருக்கும்னு தொடக்கநிலையினருக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

அன்று மாலை மில்தோன் தொலைபேசியில் அழைத்தார். கடைசி ஒத்திகை அடுத்த வியாழன் மாலை. அல்சீதெஸின் மூன்றாவது முறையும் அதே வியாழன் காலை.

வியாழனன்று நிறுவனமே பளபளத்தது. இயக்குநர் டாக்டர் இவோன் கஸ்தாஞே பார்வையிட வருகிறார். தரையைக் கழுவி, மாட்டு வாசனையின் மீது எலுமிச்சை வாசனை தெளித்திருந்தார்கள். அல்சீதெஸின் நாக்கடியில் அரைத் துளியின் பாதியை விட்டார்கள். விட்டார்களா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. எபெர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி இயக்குநரை வரவேற்க முன்வாசலுக்கு ஓடினார். போகிற அவசரத்தில் தன் குடுக்கையை மறக்கவில்லை.

கதவு சாத்தியதும் எல்பா டீச்சர் அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு பின்னல் பைக்குள் கைவிட்டு, நீலக் கம்பளி நூல்களுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தார். பின்னால் குடுக்கை வந்தது. இலைப் பொட்டலம் வந்தது. குழல் அவருடைய கொண்டையிலிருந்து வந்தது.

யாரோ தேவாலயத்தில் போல எழுந்து நின்றார்.

"உக்காருங்க," என்றார் டீச்சர். "வட்டமா. இன்னிக்கு என்னால முடியல."

முறைப்படி முதல் குடுக்கையை அவரே குடித்தார். முதலாவது கடும் கசப்பு, ஊற்றுகிறவர் தலையில்தான் விழும். இரண்டாவதை நிரப்பி வலப்பக்கம் நீட்டினார். குடுக்கை ஒவ்வொரு கையாகப் போனது, டீச்சரிடம் திரும்பியது, நிரம்பியது, மறுபடி போனது. போதும் என்கிறவர்தான் திருப்பித் தரும்போது நன்றி சொல்வது வழக்கம். அன்று அந்த அறையில் ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் அல்சீதெஸின் நெற்றிப்பொட்டில் ஆணி அடிப்பவர் சுத்தியலைக் கீழே வைத்தார். நாலாவது சுற்றில் மூக்கை உறிஞ்சுகிறவர் ஒரு நகைச்சுவை சொன்னார். அது நன்றாகவே இருந்தது. அவர் ஒற்றர் இல்லை, ஓய்வுபெற்ற படகுக்காரர், மூக்கில்தான் கோளாறு. கடிகாரத்தைப் பார்த்து விசும்புகிறவர் மணியைப் பார்ப்பதை மறந்துவிட்டுப் பக்கத்துக்காரரோடு கால்பந்து பற்றிச் சண்டை போட்டார். அல்சீதெஸுக்குப் பேச்சு வந்தது. கிளம்பாத கப்பலைப் பற்றிச் சொன்னார், மில்தோனைப் பற்றி, மாவு பிசைகிற தெச்சேராவைப் பற்றி.

"எப்படி ஆரம்பிப்பீங்க?" என்று டீச்சர் கேட்டார். "எனக்குக் காட்டுங்களேன். நான் தூங்கினா போதும்னு சீக்கிரமே படுத்துடுவேன், கார்னிவல் பாத்தே வருஷக்கணக்காச்சு."

"இப்படித்தான் டீச்சர்," என்று அல்சீதெஸ் எழுந்தார். "கோலை எடுப்பேன். இப்படி மேல..."

கை போனது. தோள் மட்டத்தைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தலைக்கு மேலே போய் நின்றது. அல்சீதெஸ் அண்ணாந்து பார்த்தார். வேறு யாருடைய கையோ அங்கே மேலே தொங்குவது போல இருந்தது. பிறகு அந்தக் கை இறங்கி எஃகு அலமாரியின் மீது ஓங்கி விழுந்தது. படகுக்காரர் மூக்காலேயே பாட ஆரம்பித்தார். அறை முழுக்கக் கைதட்டலும் சிரிப்பும்.

கதவு திறந்தது.

"கடவுளே!" என்று அலறினார் எபெர். "எல்லாருக்கும் ஏறிடுச்சு! கால் துளியில எல்லாருக்கும் ஏறிடுச்சு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

ஆம்புலன்ஸ்காரர் வந்தார். அறையை ஒரு பார்வை பார்த்தார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வட்டத்தில் உட்கார்ந்தார், தன் முறைக்காகக் கை நீட்டினார்.

அதற்குள் இயக்குநர் டாக்டர் இவோன் உள்ளே வந்துவிட்டிருந்தார். உயரமான பெண்மணி, சாம்பல் நிற உடுப்பு, சால்வை. எபெர் அவர் காலடியில் விழாத குறையாகப் புலம்பினார்.

"அளவு மிஞ்சிடுச்சு டாக்டரம்மா! என் தப்பு இல்ல!"

"உளறாதீங்க எபெர். அது நடக்கவே முடியாது."

"என் கண்ணால பாத்தேனே. இந்தாளு அலமாரியை அடிச்சாரு!"

"முடியாதுன்னா முடியாது." டாக்டர் இவோன் வட்டத்தின் நடுவில் வந்து நின்றார். பேச்சு அவருக்கு மூச்சு விடுவது போல. "கேளுங்க எல்லாரும். இந்த நிறுவனம் தொடங்கின நாள்லேர்ந்து ஒருத்தருக்கும் அளவு மிஞ்சினதில்ல. ஒரு விபத்து இல்ல, ஒரு புகார் இல்ல. மத்த நாட்டுக்காரங்க வந்து எப்படிங்க இதுன்னு கேக்கறாங்க. ஏன்னா நாங்க எதையும் வெளிய விடறதில்ல. மருந்து பூராவும் பெட்டகத்துல பத்திரமா இருக்கு. மக்களுக்காகக் காவல் காக்கற பொருளை மக்கள் கையிலயே குடுத்துட்டா அப்புறம் காவலுக்கு என்ன அர்த்தம்?"

எபெர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

பேச்சின் நடுவில் டீச்சரின் கை பழக்கத்தால் குடுக்கையை நீட்டியிருந்தது; இயக்குநரின் கை பழக்கத்தால் வாங்கியிருந்தது. அவர் குடித்து முடித்தார். திருப்பிக் கொடுத்தார். நன்றி சொல்லவில்லை. டீச்சர் மறுபடி நிரப்பினார்.

"அப்போ நாக்குக்கு அடியில விட்டது?" என்று அல்சீதெஸ் கேட்டார். அடுத்த அடிக்கு ஓங்கிய அவர் கை இன்னும் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஆலிவ் எண்ணெய். நம்ம நாட்டு ஆலிவ்தான், முதல் பிழிவு. அதுலயும் நாங்க செலவைக் குறைச்சுக்கிட்டே வர்றோம்."

ஆலிவ் எண்ணெய் என்ற சொல் காதில் விழுந்ததும் கை இறங்கத் தொடங்கியது. தோள் மட்டத்துக்கு வந்தது, பழைய ஜன்னல் போல இறுகியது. அல்சீதெஸ் மறுபடி தூக்கிப் பார்த்தார். வலித்தது.

டாக்டர் இவோன் அவரைக் கூர்ந்து பார்த்தார். முதன்முறையாக அவர் குரலில் மரியாதை வந்தது.

"நீங்க ஒண்ணும் எடுக்கல. ஆனா தலைவலி, நடுக்கம், விறைப்பு, சிரிப்பு, பாட்டு, எல்லாம் வந்திருக்கு. கஞ்சாவே இல்லாம கஞ்சாவோட பலனைக் காட்டுறது எவ்வளவு பெரிய தேர்ச்சி! எபெர், இவரைப் போய்த் தொடக்கநிலையினர்னு சேத்திருக்கீங்களே. இவர் உச்சநிலை. இவருக்கு நம்மகிட்ட இடமில்ல."

"என் அனுமதி அட்டை?"

"உச்சநிலைக்காரருக்கு எதுக்குங்க அட்டை? உங்களுக்கு மருந்தே தேவையில்லையே."

"எனக்குத் தோள் வலிக்குதுங்க!"

"அதுக்கு இங்க பிரிவு இல்ல." இரண்டாவது குடுக்கையையும் நன்றி சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் அறையை நோட்டம் விட்டார். "ஆனா இந்த மாத்தேயை யோசிக்கணும் எபெர். இவ்வளவு வேகமா வேலை செய்யற ஒண்ணை ஜனங்க அளவே இல்லாம குடிச்சிட்டுத் திரியறாங்க. இதுக்கும் ஒரு பிரிவு தொடங்குவோம். மாத்தே, தொடக்கநிலையினருக்கு. ஒரு இலையில ஆரம்பிக்கலாம்."

எல்பா டீச்சர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார். இடது கையை மடக்கி, அதைத் தன் விலாவோடு இடுக்கிக்கொண்டு, இலையுதிர் காலத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சொந்த முடிவில் அந்த அறையை விட்டு வெளியேறினார்.

மாலையில் கிளப் முற்றத்தில் விளக்குச் சரங்கள் எரிந்தன. கிளம்பாத கப்பலின் ஆட்கள் பாதி முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு நின்றார்கள். தெச்சேரா ஓரத்தில், தானே வாங்கிய முரசுக்கோலோடு காத்திருந்தான். அவன் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. அல்சீதெஸ் வாரை மாட்டிக்கொண்டார். முரசு வயிற்றில் அழுந்தியது. கை தோள் மட்டத்தில் நின்றது.

ஷிர்லி ஒரு தகர டப்பாவோடு வந்தாள். அல்சீதெஸ் காலையில் நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஆலிவ் எண்ணெயா?"

"முதல் பிழிவு."

"என்கிட்ட வந்திருக்கலாம்ல."

"இப்போ வந்திருக்கேன்."

ஷிர்லி டப்பாவைத் திறந்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து ஓரத்தைப் பிட்டாள். அல்சீதெஸ் அதை வாங்கினார். முகர்ந்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். எந்த ஓரம் என்று கேட்க வாயெடுத்தார். பிறகு அந்த வாயிலேயே அதைப் போட்டுக்கொண்டார்.

சீமைமாதுளைத் தித்திப்பு, வெண்ணெய், அடியில் ஏதோ ஒன்று. அல்லது ஒன்றுமில்லை. அவர் சுவரில் சாய்ந்து காத்திருந்தார். ஆட்கள் சாயம் பூசி முடித்தார்கள், ஒருவன் தொண்டையைச் சரிசெய்தான், முற்றத்துக்கு மேலே வானம் மெல்ல ஊதா நிறமானது. குழு வரிசையில் நின்றது. மில்தோன் தெச்சேராவைப் பார்த்தார், அல்சீதெஸைப் பார்த்தார்.

"குண்டா. என்ன சொல்ற?"

அல்சீதெஸ் முன்னால் வந்து தன் இடத்தில் நின்றார். கையில் கோல். பின்னாலேயே ஷிர்லி வந்துவிட்டாள். அவள் முகத்தில் ஏதோ உறுத்தல் தெரிந்தது.

"ஏங்க பக்கத்து வீட்டுக்காரரே, ஒரு நிமிசம். ஒளிச்சு வச்சா எனக்கு மனசு கேக்காது. அந்த பிஸ்கட்ல நான் என்ன போட்டேன்னா..."

"வேணாம்!" என்று அல்சீதெஸ் கோல் பிடித்த கையை உயர்த்தினார்.

முற்றம் முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. பாடகர்கள் வாயைத் திறந்து நின்றார்கள். வேலியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்தினார்கள். தெச்சேரா தன் கோலை மெதுவாகக் கீழே இறக்கினான். ஷிர்லி சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அல்சீதெஸின் தலைக்கு மேலே, விளக்குச் சரத்தைத் தொட்டுவிடுகிற உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் அங்கேயே பார்த்தார்கள். அல்சீதெஸ் மட்டும் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்தபடி, அடித்தார்.